வெள்ளத்தில் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டால்: கழிப்பறை, தண்ணீர், உடல் சுத்தம் – ஐந்து நாள் சமாளிக்க ஒரு வழிகாட்டி

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை இரவு. மிக்ஜாம் புயல் மழை விடாமல் கொட்டியது. திங்கள் விடிந்தபோது சென்னை பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அன்று காலை போன கரண்ட் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வந்தது. எங்கள் வீடு முதல் மாடியில். நான், கணவர், சர்க்கரை நோய் உள்ள மாமியார், பதின்மூன்று வயது மகள், ஆறு வயது மகன். தரைத்தளத்து வீட்டுக்காரர்கள் நான்கு பேரும் எங்களோடு வந்து தங்கினார்கள். ஆக ஒன்பது பேர், ஒரே கழிப்பறை.

சாப்பாட்டுக்கு நாங்கள் தவிக்கவில்லை. அரிசி, பருப்பு, கேஸ் எல்லாம் இருந்தது. மூன்றாம் நாள் படகில் வந்தவர்கள் பால் பவுடரும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார்கள். நாங்கள் தவித்தது கழிப்பறைக்கும், கை கழுவுவதற்கும், மாற்று உள்ளாடைக்கும்தான். மகனுக்கு வயிற்றுப்போக்கு. மாமியாரின் கால் விரல் இடுக்கில் புண். இரண்டாம் நாளே மகளுக்கு மாதவிடாய் வந்துவிட்டது. இதில் எதற்கும் நாங்கள் தயாராக இல்லை. புயல் செய்தி வந்ததும் எல்லோரும் பிரெட், பால், மெழுகுவத்தி வாங்க ஓடுகிறோம். சுத்தத்துக்கு என்ன வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. நீங்களாவது அந்தப் பாடு படாமல் இருக்க, செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன்.

1. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை (செலவு சுமார் 1,500 ரூபாய்)

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பர் சம்பளத்திலேயே இவற்றை வாங்கி ஒரு மூடி போட்ட பக்கெட்டுக்குள் வைத்துவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்த பிறகு மருந்துக் கடையில் நாப்கின்கூடக் கிடைக்காது. விலை எங்கள் பகுதியில் நான் கொடுத்தது. உங்கள் ஊரில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

- இறுக்கமான மூடியுள்ள 20 லிட்டர் பக்கெட் ஒன்று: 300 ரூபாய். கழிப்பறைக்கு மட்டும்.
- தடிமனான கறுப்புக் குப்பைப் பை, 30 உள்ள ஒரு சுருள்: 120
- பிளீச்சிங் பவுடர் ஒரு கிலோ: 60
- குடிநீருக்கான குளோரின் மாத்திரை இரண்டு அட்டை: 100
- ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) ஒரு லிட்டர் பாக்கெட் பத்து: 220
- குளியல் சோப்பு நான்கு: 150
- நாப்கின் இரண்டு பாக்கெட்: 200
- ரப்பர் கையுறை இரண்டு ஜோடி: 150
- வாசலின், பஞ்சு, பிளாஸ்டர், கிருமிநாசினிக் களிம்பு: 200
- மரக்கடையில் ஒரு சாக்கு மரத்தூள். நான் கேட்டபோது சும்மாவே கொடுத்தார்கள்.

பிளீச்சிங் பவுடரைப் பையோடு அப்படியே வைத்தால் வீரியம் போய்விடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். போன வருடத்துப் பவுடரை நம்பாதீர்கள். மூக்கில் ஏறும் குளோரின் வாடை இல்லையென்றால் அதனால் பயனில்லை.

2. எச்சரிக்கை வந்த அன்றே: தொட்டி, சம்ப், தரைத்தள ஓட்டைகள்

தெருவில் தண்ணீர் ஏறினால் மின்வாரியம் கரண்டை நிறுத்திவிடும். பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்ய வேண்டும். கரண்ட் இல்லையென்றால் மோட்டார் இல்லை. அதனால் மழை தொடங்குவதற்கு முன்பே மாடித் தொட்டியை நிரப்பிவிடுங்கள். வீட்டில் உள்ள குடம், அண்டா, பக்கெட், குக்கர் எல்லாவற்றையும் நிரப்புங்கள். குடிநீர்க் கேன் எப்போதும் இரண்டு வாங்குகிறவர்கள் நான்காக வாங்குங்கள்.

சம்ப் என்கிற தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி விளிம்பில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, மேலே மணல் மூட்டை வையுங்கள். இதனால் சாக்கடைத் தண்ணீர் முழுவதும் நின்றுவிடாது. ஆனாலும் சேறு இறங்குவது குறையும்.

தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. செப்டிக் டேங்கில் வெள்ளம் புகுந்தால் கழிவு திரும்பி உங்கள் கழிப்பறை வழியாகத்தான் பொங்கும். பிளாஸ்டிக் பையில் மணலைக் கட்டி கழிப்பறைக் கோப்பைக்குள்ளும், குளியலறைத் தரையில் உள்ள தண்ணீர் போகும் ஓட்டைகள் மேலும் அழுத்தி வையுங்கள். அரை மணி நேர வேலை இது. எங்கள் கீழ் வீட்டில் செய்யாமல் விட்டதால் கட்டில் வரை நாசமானது.

3. தண்ணீரை மூன்றாகப் பிரித்துக் கொள்ளுங்கள்

முதல் நாளே நாங்கள் செய்த தப்பு இதுதான். எட்டு வீட்டுக்கும் ஒரே மாடித் தொட்டி. எல்லோரும் வழக்கம்போல ஃப்ளஷ் செய்தோம், பாத்திரம் தேய்த்தோம், சிலர் குளிக்கவும் செய்தார்கள். திங்கள் இரவு குழாயில் காற்றுதான் வந்தது.

கணக்கைப் பாருங்கள். ஒரு தடவை ஃப்ளஷ் செய்தால் 6 முதல் 10 லிட்டர் போகும். ஒன்பது பேர் தலா நான்கு தடவை போனால் ஒரு நாளைக்கு 200 லிட்டருக்கு மேல். பேரிடர் நிவாரணப் பணிகளில் ஒருவருக்கு எல்லாத் தேவைக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்று கணக்கு வைக்கிறார்கள். மிக நெருக்கடியில் அதில் பாதியில்கூட உயிர் வாழலாம். நாங்கள் கழிப்பறைக்கு மட்டுமே அதைவிட அதிகமாகக் கொட்டினோம்.

பிரிக்க வேண்டிய முறை இது.

முதல் தண்ணீர்: குடிக்க, சமைக்க, பல் துலக்க, புண் கழுவ. கேன் தண்ணீர் அல்லது கொதிக்க வைத்த தண்ணீர். ஒருவருக்கு 5 லிட்டர்.

இரண்டாம் தண்ணீர்: கை கழுவ, உடம்பு துடைக்க, பாத்திரம் கழுவ. மாடித் தொட்டித் தண்ணீர் அல்லது மழைநீர். ஒருவருக்கு 5 லிட்டர்.

மூன்றாம் தண்ணீர்: இரண்டாம் தண்ணீரில் மிஞ்சிய அழுக்குத் தண்ணீர். கழிப்பறைக் கோப்பையை அலச, தரை துடைக்க மட்டும்.

ஒவ்வொன்றுக்கும் தனிப் பாத்திரம், தனி மக். குழந்தைகளுக்கும் புரிய வேண்டும் என்பதால் மூன்று நிறத்தில் துணி கட்டிவிட்டோம். மொட்டை மாடியில் பக்கெட்டுகளை வைத்து மழைநீர் பிடித்துக்கொள்ளலாம். குழாய் வழியாக இறங்கும் தண்ணீரென்றால் முதல் பதினைந்து நிமிடத்தை விட்டுவிட்டுப் பிடியுங்கள். தெருவில் நிற்கும் வெள்ளத் தண்ணீர் இந்த மூன்றிலும் சேராது. அது சாக்கடை. பாத்திரம் கழுவக்கூட எடுக்க வேண்டாம்.

4. கழிப்பறை

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலைதான் எங்களுக்கு ஒரு விஷயம் புரிந்தது. மேல் வீடுகளில் நாங்கள் ஊற்றிய ஒவ்வொரு வாளித் தண்ணீரும் கீழ் வீட்டுக் குளியலறையில் கொப்பளித்து வந்துகொண்டிருந்தது. செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டால் மாடியில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் கீழே போய்விட்டது போலத்தான் இருக்கும். ஃப்ளஷ் செய்த தண்ணீர் மெதுவாக இறங்கினாலோ, குடுகுடு என்று சத்தம் வந்தாலோ உடனே நிறுத்துங்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சொல்லுங்கள். ஒரு வீடு மட்டும் நிறுத்திப் பயனில்லை.

அதற்குப் பிறகு பக்கெட்தான் வழி. முதலில் எல்லோருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். அரை நாளில் பழகிவிடும்.

பக்கெட்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குப்பைப் பைகளை விரித்து, விளிம்பில் மடித்துவிடுங்கள். அடியில் இரண்டு கை மரத்தூள். வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள வீடு என்றால், கோப்பைக்குள் இருக்கும் தண்ணீரை எடுத்துவிட்டுப் பையை அதற்குள்ளேயே விரித்து இருக்கையைக் கவிழ்த்துவிட்டால் உட்காரச் சிரமமில்லை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு இதுதான் நல்லது. ஒவ்வொருவர் போன பிறகும் மேலே ஒரு கை மரத்தூள் போட்டு மூடுங்கள். ஈ மொய்க்காது, வாடையும் பெருமளவு அடங்கும். மரத்தூள் கிடைக்காவிட்டால் உமி, அடுப்புச் சாம்பல், காய்ந்த இலைத்தூள் எதுவும் சரி.

சிறுநீரைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். ஒரு பழைய கேனோ தனி வாளியோ போதும். இரண்டும் கலந்தால்தான் நாற்றம் தாங்காது, பையும் கனத்துக் கிழியும். சிறுநீர் உள்ள பாத்திரத்தில் பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். கண் எரியும் வாயு கிளம்பும். அதேபோல பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை கழுவும் ஆசிடையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

கழுவிக்கொள்ள அரை லிட்டர் பாட்டில் ஒன்று போதும். மூடியில் ஆணியால் நான்கு ஓட்டை போட்டுப் பிழிந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் வேலை முடிந்துவிடும். அந்தத் தண்ணீர் பைக்குள் போகாமல் குளியலறையில் ஒரு தட்டையான பேசினில் விழட்டும்.

பை பாதி நிறைந்ததும் காற்றை வெளியேற்றி இரட்டை முடிச்சு போட்டு, மூடியுள்ள டிரம்மில் போட்டு மொட்டை மாடி மூலையில் வையுங்கள். ஒன்பது பேருக்கு நாளைக்கு இரண்டு பை ஆனது. வெள்ளத்தில் தூக்கி எறியாதீர்கள். எங்கள் தெருவில் சிலர் எறிந்தார்கள். அந்தத் தண்ணீரில்தான் மற்றவர்கள் பால் வாங்க நடந்தார்கள்.

தண்ணீர் வடிந்து, செப்டிக் டேங்க் லாரி வந்து காலி செய்த பிறகு, பைகளில் இருந்ததை நாங்களே கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பறையில் கொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றினோம். மரத்தூளுக்குப் பதில் மண் போட்டு மூடியிருந்தால் இப்படிக் கொட்ட முடியாது, குழாய் அடைத்துக்கொள்ளும். கிணறு, போர்வெல் இல்லாத இடமாகப் பார்த்துக் குழி தோண்டிப் புதைக்கத்தான் வேண்டும். காலிப் பைகளைத் தனியாகக் கட்டி, உள்ளே என்ன என்று தூய்மைப் பணியாளர்களிடம் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் வெறும் கையால் அள்ளும்படி குப்பையோடு கலந்து போடுவது பெரிய பாவம்.

5. கை

ஐந்து நாள் குளிக்காமல் இருந்தால் உடம்பு பிசுபிசுக்கும், அவ்வளவுதான். ஒரு வேளை கை கழுவாமல் விட்டால் வயிற்றுப்போக்கு வீடு முழுக்கப் பரவும். எனவே தண்ணீர் குறையக் குறையக் குளியலை விடுங்கள், பாத்திரத்தைக் குறையுங்கள், கை கழுவுவதை மட்டும் கடைசி வரை விடாதீர்கள்.

இரண்டு லிட்டர் பாட்டிலின் அடிப்பக்கத்தில் சூடான ஊசியால் ஒரு ஓட்டை போட்டு, ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். மூடியைத் தளர்த்தினால் மெல்லிய தாரையாக விழும், இறுக்கினால் நின்றுவிடும். நனைத்து, தண்ணீரை நிறுத்தி, 20 விநாடி சோப்பு தேய்த்து, அலசுங்கள். ஒரு தடவைக்கு ஒரு டம்ளருக்கும் குறைவாகத்தான் செலவாகும். கீழே பக்கெட் வைத்தால் அது மூன்றாம் தண்ணீர்.

கழிப்பறை போய் வந்த பிறகு, குழந்தையைக் கழுவிவிட்ட பிறகு, சமைக்கும் முன், சாப்பிடும் முன். இந்த நான்கு நேரமும் கட்டாயம். சானிட்டைசரை நம்பி இருந்துவிடாதீர்கள். சேறு படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது. எல்லோரும் முதல் நாளே நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

6. குடிநீர்

ஆர்.ஓ. இயந்திரம் கரண்ட் இல்லாமல் ஓடாது. கேஸ் இருக்கும்வரை கொதிக்க வைப்பதுதான் சிறந்தது. தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் போதும். அதற்கு மேல் கொதிக்க விட்டுக் கேஸை வீணாக்க வேண்டாம்.

கலங்கிய தண்ணீரில் குளோரின் மாத்திரை போட்டால் பாதி வீரியம் சேற்றுக்கே போய்விடும். நான்காக மடித்த பழைய வேட்டியில் வடிகட்டி, தெளிய விட்டு, மேல் தண்ணீரை மட்டும் இறுத்த பிறகு மாத்திரை போட்டு அரை மணி நேரம் மூடி வையுங்கள். ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அட்டையில் உள்ளதைப் படித்துப் போடுங்கள். படிகாரமும் தேற்றாங்கொட்டையும் மண்ணை அடியில் இறக்கும், கிருமியைக் கொல்லாது. தண்ணீர் கண்ணாடி போல் தெளிந்துவிட்டதே என்று குடித்துவிடாதீர்கள்.

என் மகனுக்கு வயிற்றுப்போக்கு வந்தது அசுத்தத் தண்ணீரைக் குடித்ததால் இல்லை என்றே நினைக்கிறேன். காய்ச்சிய தண்ணீர்தான் கொடுத்தோம். ஆனால் ஒன்பது பேரும் அதே குடத்துக்குள் டம்ளரையும் விரல்களையும் விட்டு மொண்டோம். நீண்ட கைப்பிடிக் கரண்டி ஒன்றைக் குடத்தின் பக்கத்தில் தொங்கவிடுங்கள். இல்லையென்றால் சாய்த்து ஊற்றிக்கொள்ளுங்கள்.

வயிற்றுப்போக்கு தொடங்கிய உடனே ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். பெரிய பாக்கெட் என்றால் முழுவதையும் ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். பாதி பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்குவது தப்பு. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலைதட்டி அளக்க வேண்டும். குழந்தை சோர்ந்து கிடந்தால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை என்றால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், 108-ஐ அழைக்கத் தயங்காதீர்கள். படகு வர நேரமாகும், இருட்டுவதற்கு முன்பே அழைத்துவிடுங்கள். மருத்துவ ஆலோசனை மட்டும் வேண்டுமென்றால் 104.

7. உடம்பும் காலும்

இரண்டு லிட்டர் தண்ணீரும் ஒரு மென்மையான துண்டும் இருந்தால் ஒரு ஆள் சுத்தமாகிவிடலாம். வரிசைதான் முக்கியம். முகம், கழுத்து, அக்குள், மார்புக்குக் கீழே, பிறகு தொடை இடுக்கு, கடைசியாகக் கால். இந்த வரிசையை மாற்றினால் கால் அழுக்கு முகத்துக்கு வரும். துண்டு ஆளுக்கு ஒன்று. தலைக்குத் தண்ணீர் விட வேண்டாம். ஈரத் தலை காய இடமும் இல்லை, வெயிலும் இல்லை. பின்னிக் கட்டிவிடுங்கள்.

சட்டையை மூன்று நாள் போடலாம். உள்ளாடையை தினமும் மாற்றியே ஆக வேண்டும். ஈர உள்ளாடையோடு இருந்தால் தொடை இடுக்கில் படை வந்துவிடும். தண்ணீர் இல்லாத நாளில் ஒரு மக் இரண்டாம் தண்ணீரில் சோப்பு போட்டு அலசி, கேஸ் அடுப்பு எரிந்த பிறகு சமையலறையில் கொடி கட்டி உலர்த்தினேன்.

கால்தான் பலரைப் படுக்க வைத்தது. வெள்ளத்தில் இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் வெறுங்காலோடு போகாதீர்கள். மூடிய செருப்போ ஷூவோ போடுங்கள். போகும் முன் விரல் இடுக்கிலும் கணுக்காலிலும் வாசலின் தடவுங்கள். காலில் சிறு கீறல் இருந்தாலும் அன்று வேறு யாராவது போகட்டும். எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரிலிருந்து வெள்ளத்தில் கலந்து, கீறல் வழியாக எளிதில் உள்ளே நுழைகிறது. திரும்பி வந்ததும் சோப்பு போட்டுக் கழுவி, விரல் இடுக்கைத் துணியால் ஒற்றிக் காய வைப்பது கழுவுவதைவிட முக்கியம். சேற்றுப்புண் ஈரத்தில்தான் வளரும்.

சர்க்கரை நோயாளியின் பாதத்தைக் காலையும் மாலையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அவர்களில் பலருக்கு வலி தெரியாது. என் மாமியார் ஒரு தடவைகூட வெள்ளத்தில் இறங்கவில்லை. குளியலறைத் தரையில் தேங்கிய ஈரமே போதுமானதாக இருந்தது. "எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பார்த்தபோது சீழ் கட்டியிருந்தது. ஆணி குத்தினாலோ ஆழமாக வெட்டினாலோ, சுத்தமான தண்ணீரில் ஐந்து நிமிடம் விட்டுக் கழுவி, முதல் வாய்ப்பிலேயே டெட்டனஸ் ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

8. மாதவிடாய்

மகள் இருட்டில் வந்து காதோடு சொன்னபோது வீட்டில் மூன்று நாப்கின்தான் இருந்தது. கீழ் வீட்டு அக்கா தன் பழைய பருத்திப் புடவையைக் கிழித்துக் கொடுத்தார்.

துணி பயன்படுத்துவதில் தப்பே இல்லை. சுத்தமாகவும் முழுதாகக் காய்ந்தும் இருக்க வேண்டும். கையளவு துண்டுகளாக எட்டு மடிப்பு மடியுங்கள். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். "இன்னும் கொஞ்சம் தாங்கும்" என்று மிச்சம் பிடிக்காதீர்கள். மாற்றும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். துவைக்கத் தண்ணீரும் காய வைக்க வெயிலும் இல்லாத நாட்களில் துணியைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். செய்தித்தாளில் சுற்றித் தனிப் பையில் போடுங்கள். அந்தப் பையின் மேல் சிவப்புக் குறி போடுங்கள். கழுவும்போது முன்னிருந்து பின்னாக.

பெண்கள் எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கழிப்பறைக்குப் போகக் கூச்சப்பட்டு நாங்கள் நான்கு பேரும் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமைக்குள் இருவருக்கு நீர்க்கடுப்பு. தண்ணீரைக் குறைக்காதீர்கள். அதற்குப் பதிலாகக் கழிப்பறை வாசலில் ஒரு போர்வையைக் கட்டி, உள்ளே டார்ச் வைத்து, போகும்போது துணைக்கு ஒருவர் நிற்க ஏற்பாடு செய்யுங்கள்.

9. கைக்குழந்தை, படுக்கையில் இருப்பவர்கள்

பால் புட்டியை ஐந்து நாள் ஒழுங்காகக் கொதிக்க வைப்பது முடியாத காரியம். தாய்ப்பால் கொடுப்பவர்கள் நிறுத்தாமல் கொடுங்கள். மற்றவர்கள் பாலாடையில் (சங்கில்) புகட்டுங்கள், அதைக் கழுவிக் கொதிநீரில் போட்டு எடுப்பது எளிது. படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு டயப்பர் பாக்கெட் ஒன்றைப் பருவமழைக்கு முன்பே வாங்கி வையுங்கள். மாற்றும்போது பின்பக்கமும் இடுப்பும் சிவந்திருக்கிறதா பார்த்து, துடைத்துக் காய வைத்து வாசலின் தடவுங்கள்.

10. முகாமுக்குப் போக நேர்ந்தால் எடுத்துச் செல்ல வேண்டியவை

பள்ளிக்கூடத்திலோ திருமண மண்டபத்திலோ முகாம் இருக்கும். அங்கே சாப்பாடு கிடைக்கும். ஆனால் சோப்பும் மாற்றுத் துணியும் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஆளுக்கு ஒரு பை: மூன்று உள்ளாடை, ஒரு மாற்றுடை, துண்டு, சோப்பு, பிரஷ், மக், செருப்பு, பெண்களுக்கு நாப்கின். மக்கும் துண்டும் பொதுவில் வேண்டாம். போன உடனே கழிப்பறை எங்கே, பெண்களுக்குத் தனியாக உண்டா, விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்ய ஆள் வரவில்லையென்றால் சென்னையில் மாநகராட்சியின் 1913-க்குச் சொல்லுங்கள். மற்ற மாவட்டங்களில் 1077.

ஆவணங்களை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், குழந்தையின் தடுப்பூசி அட்டை, சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களின் மருந்துச் சீட்டு. மிக்ஜாமுக்குப் பிறகு 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடை வழியாகத்தான் கொடுத்தார்கள். மருந்துச் சீட்டு நனைந்து போனவர்கள் என்ன மாத்திரை என்று சொல்லத் தெரியாமல் திண்டாடினார்கள். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.

11. தண்ணீர் வடிந்ததும்: மோட்டார் ஸ்விட்சைத் தொடாதீர்கள்

வெள்ளிக்கிழமை கரண்ட் வந்த சந்தோஷத்தில் எங்கள் கட்டடத்தில் ஒருவர் ஓடிப்போய் மோட்டாரைப் போட்டுவிட்டார். சம்பில் இருந்தது சாக்கடை. பத்து நிமிடத்தில் மாடித் தொட்டி, எட்டு வீட்டுக் குழாய்கள் எல்லாம் நாறிவிட்டன. ஒரு நாளில் முடிய வேண்டிய வேலை நான்கு நாள் ஆனது. அதனால் ஸ்விட்ச் மேல் இப்போதே ஒரு காகிதம் ஒட்டி வையுங்கள்: "சம்ப் சுத்தம் செய்யும் வரை போடக்கூடாது."

வரிசை இது. எதையும் தூக்கிப் போடும் முன் படம் எடுங்கள், காப்பீட்டுக்கு வேண்டும். முதலில் செப்டிக் டேங்க் லாரிக்குச் சொல்லுங்கள். எல்லோரும் ஒரே நாளில் கூப்பிடுவதால் எங்களுக்கு மூன்றாம் நாள்தான் வந்தது, 2,500 ரூபாய் வாங்கினார்கள். யாரையும் டேங்குக்குள் இறக்க விடாதீர்கள். விஷவாயுவில் உயிர் போகும், சட்டப்படியும் குற்றம். அப்புறம் சம்ப். எலக்ட்ரீஷியன் மோட்டாரைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, சம்ப் தண்ணீரை வெளியே இறைத்து, சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இதற்கு ஆள் கூலி 2,000 ஆனது.

கழுவிய சம்பிலும் தொட்டியிலும் தண்ணீர் நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடரைத் தனி வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். எல்லாக் குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, ஒரு இரவு விட்டு, மறுநாள் முழுவதையும் வெளியேற்றிவிடுங்கள். இந்தத் தண்ணீரைக் குடிக்கவோ குளிக்கவோ கூடாது. பிறகு புதுத் தண்ணீர் நிரப்பும்போது ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 4 கிராம் போதும். ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். குடிக்க மட்டும் இரண்டு வாரம் காய்ச்சியே குடியுங்கள். குடிநீர் வாரியக் குழாயில் கலங்கலாக வந்தால் 1916-இல் புகார் பதிவு செய்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தரையில் சேறு ஈரமாக இருக்கும்போதே தள்ளிவிடுங்கள், காய்ந்தால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். சோப்புத் தண்ணீரில் கழுவிய பிறகுதான் பிளீச்சிங் கரைசல், ஒரு லிட்டருக்கு 15 கிராம். பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். கையுறை, மூடிய செருப்பு, திறந்த ஜன்னல் மூன்றும் வேண்டும். வெள்ளத்தில் ஊறிய மெத்தை, தலையணையை வெயிலில் காய வைத்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். போகட்டும்.

12. அடுத்த நான்கு வாரம்

வெள்ளம் வடிந்த ஓரிரு நாளில் அரசு மருத்துவ முகாம்கள் தெருவுக்கே வரும். எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கும் மாத்திரை தேவையா என்று அங்கே கேளுங்கள். கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் அதைத் தாங்களாக வாங்கிப் போடக்கூடாது. எலிக்காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும், சிலருக்கு நான்கு வாரம்கூட ஆகும். டெங்கு கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் பெருகும் என்பதால் மழைநீர் பிடித்த பக்கெட்டுகளை முதல் வேலையாகக் கவிழ்த்துவிடுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, அடர் மஞ்சள் நிறச் சிறுநீர் இருந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். எத்தனை டிகிரி காய்ச்சல் என்பதைவிட முதலில், எந்தத் தேதியில் வெள்ளத் தண்ணீரில் நடந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.